மாசியில் நமக்கு ஓய்வு, மலைக்குத் தீ

எங்கள் பக்கத்தில் மலை என்றால் சுவாமிமலைதான். அறுபது படி, அறுபது தமிழ் வருஷத்துக்கும் ஒவ்வொன்று. அதுவும் கட்டுமலை. மற்றபடி கல்லணையைத் தாண்டிக் கிழக்கே கடல் வரைக்கும் ஒரே மட்டமான வயல். ஆற்றுக்கரையில் ஏறி நின்றால் அதுதான் எங்களுக்கு உயரம். அதனால் நிஜ மலையைப் பார்க்கிற ஆசை டெல்டாக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கல். வலங்கைமான் பக்கம் ஒரு டெம்போ டிராவலர் வைத்துக்கொண்டு அந்த ஆசையில்தான் நான் பிழைக்கிறேன்.

ஆசை எந்த மாதத்தில் வரும் என்பது மனப்பாடம். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் பேங்க் கணக்கில் ஏறியதும் போன் வரும். "அண்ணே, கொடைக்கானல் ரெண்டு நாள், எவ்வளவு ஆகும்?" தை கடைசியில் ஆரம்பிக்கும் இந்த விசாரிப்பு மாசி, பங்குனி முழுக்க ஓடும். நடுவில் உளுந்து, பயறு எடுக்கிற வேலை வந்தாலும் யாரும் டூரை விடுவதில்லை. சித்திரையில் பள்ளிக்கூட லீவு சேர்ந்துகொள்ளும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று உறுதியாகிவிட்டால் சரி, குறுவைக்காரர்கள் எல்லாரும் நாற்றங்காலுக்குத் திரும்பிவிடுவார்கள், என் வண்டி கல்யாணச் சவாரிக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டு மலைகள் எரிவதும் இதே மாதங்களில்தான். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. தையில் மேல்மலையில் உறைபனி விழுந்து புல் கருகிக் காய்கிறது. மாசியில் கீழ்ச்சரிவுகளில் இருக்கும் இலையுதிர் மரங்கள் அத்தனையும் கொட்டிவிடுகின்றன. காலை வைத்தால் சருகு கணுக்காலுக்கு மேல் வரும். பங்குனியில் காற்று. கோடை மழை இரண்டு தடவையாவது நன்றாக நனைத்தால்தான் இந்த நிலைமை மாறும். வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. அடுத்த ஆண்டு, 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்று அவற்றை மூடியது. தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். மாசிப் பிறப்பிலிருந்து பங்குனி கடைசி வரை, இரண்டு நாள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நம் கையில் காசும் நேரமும் இருக்கிற இரண்டு மாதமும் அப்படியே மலைக்குத் தீக்காலம்.

இதை மனதில் வைத்து டூர் போட்டாலே பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதிக்குக் காரணம், நெருப்பு விஷயத்தில் நமக்கு இருக்கிற அதிகப்படியான தைரியம்.

எங்கள் ஊரில் தீயைக் கண்டு யாரும் மிரள மாட்டார்கள். கரும்பு வெட்டியதும் வயலில் கிடக்கும் காய்ந்த தோகைக்கு, அதாவது சோகைக்கு, நெருப்பு வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். (சோகையை எரிக்காமல் மக்க வைத்தால் நல்ல உரம் என்று வேளாண்மைத் துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பவர்கள் கேட்கிறார்கள்.) வைக்கிறவர் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காற்றுக்கு எதிராகத் தீ மெல்ல நகரும்படி வைப்பார். நாலு பக்கமும் வரப்பு, ஒரு பக்கம் வாய்க்கால், கையில் தழைக்கொத்தோடு ஒரு ஆள். வரப்போரம் வந்ததும் தீ படுத்துவிடும். புகை கொஞ்ச நேரம் ரோட்டை மறைக்கும், அப்புறம் காற்று வாரிக்கொண்டு போய்விடும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண், மலையில் எரிகிற தீயையும் இதே கணக்கில் எடை போடுகிறது. அங்கேதான் வம்பு.

ஒரு பங்குனியில் கொல்லிமலையிலிருந்து இருட்டிய பிறகு இறங்கிக்கொண்டிருந்தோம். காரவள்ளி அடிவாரம் வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டியிருக்கும், தலைக்கு மேலே இருந்த சரிவில் தீ ஒரு கோடாக, ஆரஞ்சு நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டிக்குள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பின்சீட்டிலிருந்த பெரியப்பா ஒருவர், "தம்பி, ஓரமா நிறுத்துப்பா, புள்ளைங்க வீடியோ எடுத்துக்கட்டும். சோகை எரியிற மாதிரிதானே இருக்கு, எங்க நம்மகிட்ட வரப்போவுது" என்றார். "கீழ போயி நிறுத்துறேன் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த வளைவில் திரும்பும்போது எங்களுக்குப் பின்னால், ஒரு நிமிஷம் முன்பு நாங்கள் இருந்த இடத்தில், தேங்காய் அளவுக் கல் ஒன்று தடதடவென்று உருண்டு வந்து ரோட்டில் ஒரு துள்ளு துள்ளி, தடுப்புச் சுவரில் அடித்தது. அதற்குப் பின்னால் பொடிக் கற்கள், பொரி கொட்டுகிற சத்தத்தோடு. பெரியப்பா அப்புறம் அடிவாரம் வரைக்கும் பேசவில்லை.

சரிவில் கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது புல்லும் வேரும்தான். அவை எரிந்ததும் கல் தானாகவே கழன்று வரும். சில சமயம் எரிகிற கட்டையே உருண்டு வந்து ரோட்டுக்குக் கீழே விழும், கீழ்ச்சரிவும் பற்றிக்கொள்ளும். காட்டெருமையும் பாம்பும் அந்த நேரத்தில் ரோட்டைத் தாண்டி ஓடிவரும். அதனால் எரிகிற சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தவே கூடாது, போட்டோவுக்கும் சரி, வாந்தி எடுக்கவும் சரி. தீ அணைந்து நாலு நாள் ஆன சரிவுக்கும் இது பொருந்தும். முதல் கனமழையின்போது இன்னும் மோசம். பிடிப்பில்லாத மண், சாம்பல், கல் எல்லாம் சேர்ந்து வழிந்து வரும். எரிந்த மலையின் அடியில் இருக்கிற அருவியில் அன்றைக்குக் குளிக்க வேண்டாம்.

வயல் தீக்கும் மலைத் தீக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சரிவு. எரிகிற தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், நெருப்பு விரலை நோக்கி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று. மலையிலும் அதேதான் நடக்கிறது. சுவாலை மேல்பக்கப் புல்லின் மேல் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதைச் சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 20 பாகைக்கு நாலு மடங்கு. அதே சரிவில் மனுஷன் மேல்நோக்கி ஓடினால் நாலடியில் மூச்சு வாங்கும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் அடிவாரத்திலிருந்து மேலே வீசும், அது தீக்கு இன்னொரு தள்ளு. வரப்பும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. வனத்துறை தை, மாசியில் புல்லைச் சீவி வெட்டி வைக்கிற தீத்தடுப்புக் கோடுகள்தான் அங்கே வரப்பு. பலத்த காற்றில் பொறி அதையும் தாண்டிவிடும்.

குரங்கணியில் நடந்தது இதுதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைத் தீ மடக்கியது. உயரமாகக் காய்ந்து நின்ற புல், செங்குத்தான சரிவு, பிற்பகல் காற்று. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. முன்பதிவு, வழிகாட்டி, தீக்காலத்தில் தடை என்று இன்றைக்குப் பையன்கள் அலுத்துக்கொள்ளும் கெடுபிடிக்கெல்லாம் பின்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

அலுத்துக்கொள்பவர்கள் என் வண்டியிலும் வருவார்கள். காலேஜ் படிக்கும் தம்பிகள். "அண்ணே, பாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் வேணாம், லோக்கல்ல ஒரு ஆள் இருக்காரு, பின்பக்கமா கூட்டிட்டுப் போயிடுவாரு." அப்படிப் போகிறவர்களை நான் ஏற்றுவதில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படியே குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. தீ வந்தால் தேடிவர யாருக்கும் தோன்றாது. பதிவு செய்து போனால் எந்தப் பாதையில் எத்தனை பேர் என்று ஒரு நோட்டிலாவது இருக்கும்.

முறையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது கொஞ்சம்தான். பாலியஸ்டர் டிராக் சூட் வேண்டாம், நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பருத்தி பேன்ட், முழுக்கைச் சட்டை போதும். தூரத்தில் புகை தெரிந்தாலே திரும்பிவிட வேண்டும், "அது அடுத்த மலைதானே" என்கிற பேச்சு கூடாது. தீ கீழே இருந்தால் உச்சியை நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து தீயின் ஓரத்தைத் தாண்டப் பார்க்க வேண்டும். புல் இல்லாத பாறை, தார் ரோடு, ஏற்கெனவே எரிந்து ஆறிய கறுப்புத் தரை, இவைதான் பத்திரமான இடம். இரண்டு சரிவுக்கு நடுவிலுள்ள குறுகலான பள்ளத்தில் போய்ப் பதுங்கலாம் என்று தோன்றும், வேண்டாம். அனலும் புகையும் அந்த வழியாகத்தான் மேலே ஏறும். அப்புறம் வழிகாட்டியாக வருகிற ஊர்க்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும். பழனி மலையில் தீயணைக்கப் போகிறவர்களில் அந்த மலைப் பழங்குடியினரான பளியர்கள் நிறையப் பேர். கையில் பச்சைத் தழையோடு தீயை அடித்து அணைக்கிறவருக்குத் தெரியாத காற்று நம் செல்போனுக்குத் தெரியாது.

தழையால்தான் அடித்து அணைக்கிறார்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. "பயர் சர்வீஸ் வராதா?" என்பார்கள். ரோடு இருந்தால்தானே வண்டி வரும். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் எரிந்தபோது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, பெரிய வாளியைத் தொங்கவிட்டு நீர்த்தேக்கத்தில் மொண்டு மேலே கொட்டியது. எல்லாத் தீக்கும் ஹெலிகாப்டர் வராது. அதனால்தான் மலையில் ஒரு தடவை பிடித்தால் நாள் கணக்கில் போகிறது, ரோடு மூடினால் நாளைக்கே திறந்துவிடும் என்று நம்ப முடிவதில்லை.

தீயை நேரில் பார்க்கிற சுற்றுலாக்காரர்கள் குறைவு. எல்லாரையும் தொடுவது புகை. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

2024 ஏப்ரல் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் தீ நாள் கணக்கில் எரிந்தது. பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் சுற்றுலா வண்டிகளை விடவில்லை. அந்தச் சமயம் என் வண்டியில் நீடாமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறை. மன்னவனூர் ஏரியைப் பார்க்கத்தான் வந்தார்கள். அது இல்லை என்றானதும், ஊருக்குள்ளேயே சுற்றலாம் என்று காலை ஆறரைக்குக் கோக்கர்ஸ் வாக் போனோம். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. "ஆகா, மூடுபனி!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கு வண்டியின் கண்ணாடியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மூடுபனி என்றால் வைப்பர் போட்டதும் தண்ணீராக வழியும். அன்றைக்கு வைப்பர் சாம்பல் நிறத்தில் இரண்டு வளைவு போட்டுவிட்டு நின்றது. பானெட்டின் மேல் கருகிய புல் இதழ்கள், நடு நரம்பு கூட அழியாமல், தொட்டால் மாவாக உதிர்ந்தன.

பனியையும் புகையையும் பிரித்துப் பார்க்கக் கண்ணாடி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பனி முகத்தில் ஈரமாகப் படும், வாசனை இருக்காது, ஆளைக் கடந்து நகர்ந்துகொண்டே இருக்கும். புகைக்கு லேசான பழுப்பு, எழுகிற சூரியன் அதற்குள் செக்கச்செவேலென்று தெரியும், தொண்டை கரகரக்கும். டெல்டாவில் புகை காற்றோடு போய்விடும், மலையில் காலையில் போகாது. இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவில் இறங்கி, புகையையும் இழுத்துக்கொண்டு வந்து பள்ளத்தில் தங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று படிந்திருப்பதால் கீழே உள்ளது எழும்ப முடியாது. வெயில் ஏறித் தரை சூடாகிப் பத்து, பதினோரு மணி ஆனால்தான் கலையும். அதனால் தீக்காலத்தில் "விடியற்காலை வியூ பாயின்ட்" என்கிற வழக்கமான அட்டவணையை நான் புரட்டிப் போட்டுவிடுகிறேன். காலை உணவு நிதானமாக, காட்சி முனை எல்லாம் பதினோரு மணிக்கு மேல். பிற்பகலில் மேல்நோக்கி வீசும் காற்று பலமானால் தீ வேகமெடுக்கும் என்பதால் நடக்கிற வேலை எதையும் அந்த நேரத்துக்கு வைப்பதில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு அத்தை. வீசிங் உண்டு, ஆனால் "ஊர்ல எனக்கு ஒண்ணும் பண்ணாது தம்பி, அடுப்புப் புகையிலயே இருந்தவ" என்று தைரியமாக வந்தவர். கோக்கர்ஸ் வாக்கிலிருந்து திரும்பும்போதே இருமல் ஆரம்பித்தது. பெருமாள்மலை தாண்டி இறங்கும்போது மூச்சு இழுக்கிற சத்தம் டிரைவர் சீட் வரைக்கும் கேட்டது. இன்ஹேலர் எங்கே என்றால், பெட்டியில். பெட்டி எங்கே என்றால், மேலே கேரியரில், தார்ப்பாய்க்குள், கயிற்றுக் கட்டுக்குள். வளைவுக்கு நடுவில் கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, நான் மேலே ஏறிக் கட்டை அவிழ்க்க, கீழே மருமகள் அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டு நிற்க, நல்லவேளை மூன்றாவது பெட்டியில் அந்த நீல இன்ஹேலர் கிடைத்தது. உறிஞ்சிப் பத்து நிமிஷத்தில் அத்தைக்கு முகம் தெளிந்தது. அன்றிலிருந்து வண்டி கிளம்பும் முன்பு ஒரு கேள்வி கேட்கிறேன்: வீசிங், ஹார்ட், கர்ப்பம், கைக்குழந்தை, யாருக்கு என்ன? மருந்து மடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? மடியில் இல்லாவிட்டால் வண்டி நகராது.

அடுப்புப் புகையில் இருந்து பழகிவிட்டேன் என்று அத்தை சொன்னதை நம் பக்கம் நிறையப் பேர் சொல்வார்கள். நுரையீரல் அப்படிப் பழகிக்கொள்வதில்லை. காட்டுப் புகையில் நம்மைப் படுத்துவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்; தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் நிற்காமல் நேரே உள்ளே போய்விடும். இதற்கு ஈரத் துண்டைக் கட்டிக்கொள்வது பெரிய சாம்பலைத் தடுக்கும், மூக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கும், நுண்ணிய துகளைத் தடுக்காது. துணி மாஸ்க்கும் அப்படித்தான். என்-95 மாஸ்க்தான் வேலை செய்யும், அதுவும் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் அழுந்தி இருந்தால். வண்டியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தாடிக்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது சரியாக உட்காராது, அவர்களைச் சீக்கிரம் புகையை விட்டு வெளியே கொண்டு போவதுதான் வைத்தியம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைக்குள் நுழையும் முன்பே ஜன்னலை ஏற்றிவிட்டு ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். ஆனால் வண்டி நிறைய ஆளோடு அப்படியே மணிக்கணக்கில் போகாதீர்கள், தலை பாரமாகும். புகை தாண்டியதும் ஐந்து நிமிஷம் திறந்து விடுங்கள். ஹை பீம் புகையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், லோ பீம்தான் சரி. ஊர் திரும்பியதும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் எவ்வளவு சாம்பலை எல்லாரும் சுவாசித்திருப்போம் என்று தெரியும்.

சரி, போவதற்கு முன்பே நிலைமையை எப்படித் தெரிந்துகொள்வது? லாட்ஜில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "ஒண்ணும் இல்லண்ணே, கிளைமேட் சூப்பரா இருக்கு, வாங்க" என்பதுதான் எப்போதும் பதில். அவர்கள் பிழைப்பு அது. நான் கேட்பது காய்கறி லாரிக்காரர்களிடம். மேல்மலைக் கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்குகிறவர்களுக்கு எந்த ரோடு மூடியிருக்கிறது, எங்கே புகை என்று அன்றன்றைக்குத் தெரியும். அவர்களுக்கு என் வாடகையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அடுத்தது சாட்டிலைட். நாசாவின் ஃபிர்ம்ஸ் என்கிற வரைபடத்தைச் செல்போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. சூடான இடத்தில் சிவப்புப் புள்ளி விழும், செயற்கைக்கோள் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் சதுரம், அதனால் தீ இந்த மரத்தில், அந்தத் திருப்பத்தில் என்றெல்லாம் பார்க்க முடியாது. மேகம் இருந்தால் தெரியாது, அடர்ந்த மரத்துக்கு அடியில் மெல்ல ஊர்கிற தீயும் தப்பிவிடும். புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று அர்த்தம் இல்லை. புள்ளி வரிசையாக நம் ரோட்டை நோக்கி நகர்ந்தால் மட்டும் உஷாராக வேண்டும். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனமும் பதிவு செய்துகொள்கிறவர்களுக்குத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இந்த வரைபடத்தை முதலில் திறக்கும்போது எங்கள் ஊர்ப் பெருசுகள் தேடுவது கொடைக்கானலை அல்ல, அவரவர் ஊரை. கரும்புக் கொல்லைப் பக்கம் ஒரு புள்ளி இருந்தால், "இது யாரு வச்சதுன்னு எனக்குத் தெரியும்" என்று பேர் சொல்லிவிடுவார்கள்.

கோயில் மலைக்குப் போகிறவர்களும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி ஏழாவது மலைக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி, அதாவது தீக்காலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் நம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் போகிறார்கள். சதுரகிரியிலும் காட்டுத்தீ என்று பக்தர்களை அடிவாரத்துத் தாணிப்பாறையிலேயே நிறுத்தியதுண்டு. நிறுத்தினால் அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். நடுவழியில் சருகின் மேல் சூடம் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். மைசூர், ஊட்டி என்று சேர்த்துக் கேட்கிறவர்கள் பந்திப்பூர் வழியாகத்தான் போக வேண்டும். 2019 பிப்ரவரியில் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்து சஃபாரியையே நிறுத்தி வைத்தார்கள். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அந்தச் சாலை எப்படியும் மூடல், பகலில் புகையும் சேர்ந்தால் அந்த ஊர்களை விட்டுவிடுவது நல்லது.

நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனுஷன் கையால்தான் தொடங்குகிறது. பீடி, தோட்டம் சுத்தம் செய்ய வைத்த நெருப்பு, புதுப் புல் முளைக்கட்டும் என்று வைத்தது, அப்புறம் டூர் வண்டிச் சமையல். கடைசியாகச் சொன்னதில் நாம் கெட்டிக்காரர்கள். டெல்டாவிலிருந்து கிளம்புகிற வண்டியில் கேஸ் அடுப்பு, இட்லிக் குண்டான், அரிசி மூட்டை, ஒரு சமையல்காரர் எல்லாம் உண்டு. ரோட்டோரம் காய்ந்த புல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது என்பது நியாயம்தான். அதற்காக மலையில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. என் வண்டியில், கொடைக்கானல் மலை ஏறும் முன்பு வரும் வத்தலக்குண்டோடு அடுப்பு அணைந்துவிடும். அங்கேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டு, மேலே போகப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்கிறோம். இரண்டு நாள் தங்கினால் அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

மாசி, பங்குனியில் மலை வேண்டாம் என்று நானே வாயைத் திறந்து சொல்லும் நாட்களும் உண்டு. பிழைப்பு போகுமே என்று கேட்கலாம். அந்த மாதங்களில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு, கோடியக்கரை, தரங்கம்பாடி என்று ஒரு நாள் சவாரி போடுகிறேன். வாடகை குறைவு, ஆனால் அடிக்கடி கிடைக்கிறது. மலைதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, அறுப்பு முடிந்த கையோடு தை கடைசிக்குள் போய்வந்துவிடுவது. குளிர் கடுமையாக இருக்கும், பெரியவர்களுக்குக் கம்பளி வேண்டும், ஆனால் சருகு இன்னும் கொட்டியிருக்காது. இல்லாவிட்டால் கோடை மழை இரண்டு முறை பெய்த பிறகு, வைகாசியில், மேட்டூர் திறப்பதற்குள். அப்போது கூட்டம் இருக்கும்தான். புகை இருக்காது.

நடுவில் போய் மாட்டிக்கொண்டால் பணத்தை மீட்பதுதான் பெரும்பாடு. "கேன்சல் பண்ணிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்றால் சீசனில் எந்த லாட்ஜும் அசையாது. "தேதியை மாத்திக் கொடுங்க" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நான் அட்வான்ஸ் போடும்போதே, வனத்துறையோ போலீஸோ ரோட்டை மூடினால் தேதி மாற்றம் உண்டு என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுகிறேன். என்னிடம் அட்வான்ஸ் கொடுக்கிறவர்களுக்கும் ரசீதின் பின்பக்கம் அதையே எழுதிக் கொடுக்கிறேன். தேதி மாறினால், வண்டி மலை ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸையும் மறக்க வேண்டாம். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் அது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் வந்தது. வரம்பு சனி ஞாயிறில் கூடுதல் என்றாலும் போட்டி அதைவிடக் கூடுதல். மாற்றுத் தேதி கேட்கும்போது செவ்வாய், புதன் என்று கேளுங்கள். பாஸும் கிடைக்கும், லாட்ஜ்காரரும் வாடகையில் கொஞ்சம் இறங்கி வருவார்.